அறுபத்து நான்கு தொங்கல்கள்

என் தம்பிக்கு நான் நாற்பதாயிரம் கடன்பட்டிருந்தேன். இதை முதலிலேயே போட்டு உடைத்துவிடுகிறேன். பின்னால் வேறு யாராவது சொல்லி நீங்கள் கேட்க வேண்டியதில்லை.

என்னைத் தெரிந்தவர்கள் நம்ப மாட்டார்கள். ஆறாம் வகுப்போடு படிப்புக்கு முழுக்குப் போட்டு, வாடகைக்கு எடுத்த ஒரு வெல்டிங் மெஷினோடு தொழில் தொடங்கி, இன்றைக்கு எட்டுப் பேருக்குச் சம்பளம் கொடுக்கிறவன் நான். இந்த வட்டாரத்தில் நான் மாட்டிய கேட் ஒன்றுகூட இறங்கியதில்லை. சந்தேகம் உள்ளவர்கள் தெருத் தெருவாகப் போய் ஆட்டிப் பார்க்கலாம்.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது என்னைப் பற்றி அல்ல, என் தங்கையைப் பற்றி. என்னைச் சொல்லாமல் அவளைச் சொல்ல முடியாது என்பதால் நானும் இடையிடையே வருவேன்.

நாங்கள் மூன்று பேர். நான் மூத்தவன், அவள் நடுவில், கடைக்குட்டி தம்பி. அப்பா சீக்கிரமே போய்விட்டார். அன்றிலிருந்து வீட்டில் ஒரே சட்டம்: மூத்தவன் கொடுப்பான், இளையவர்கள் வாங்குவார்கள். தண்ணீர் மேலேயிருந்து கீழேதான் பாயும். சட்டம் போட்டவன் நான்தான். அதற்கு ஏற்றபடி உழைத்தவனும் நான்தான்.

சின்ன வயதிலேயே அவள் எண்ணுவது வேறு மாதிரி. மற்ற பிள்ளைகள் எத்தனை என்று எண்ணும். இவள் எத்தனை விதம் என்று எண்ணுவாள். ஒற்றை அறை வீடு, மூன்று பாய். நாங்கள் மூவரும் எத்தனை விதமாக மாறி மாறிப் படுக்கலாம் என்று ஒருநாள் கேட்டாள். எனக்கு உடம்பெல்லாம் வலி. ஒரே விதம்தான், கண்ணை மூடிக்கொண்டு என்றேன். ஆறு விதம் என்று அவளே சொல்லிவிட்டுத் தூங்கிப்போனாள்.

படிக்க வைத்தேன். கணக்கில் பெரிய படிப்பு முடித்தாள். ஒரு தனியார் கல்லூரியில் ஆசிரியை வேலை கிடைத்தது, தற்காலிகம். ஒவ்வொரு வருடமும் கோடை விடுமுறைக்கு முன்னால் வேலையை விட்டு நீக்குவார்கள், விடுமுறை முடிந்ததும் திரும்பச் சேர்ப்பார்கள். என் பட்டறையில் துப்புரவு செய்கிற அம்மாளுக்கே நான் அப்படிச் செய்ததில்லை. ஆராய்ச்சிப் பட்டம் வாங்கினால்தான் நிரந்தரம் என்றார்கள். சரி, வாங்கு என்றேன். பட்டம் என்பது சாமான் கடையில் எடை போட்டு வாங்குவது அல்ல என்று எனக்கு அப்போது தெரியாது.

கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். பட்டறைக்கு மேலே இருந்த அறையை அவளுக்குக் கொடுத்தேன். கீழே கிரைண்டர் அலறும், மேலே அவள் கணக்குப் போடுவாள். இந்தச் சத்தத்தில் எப்படி என்று ஒருமுறை கேட்டேன். சத்தம் நின்றால்தான் என்ன ஆச்சு என்று தலை தூக்கிப் பார்ப்பதாகச் சொன்னாள். பதில் எனக்குப் பிடித்திருந்தது. இரும்புக்காரன் வீட்டுப் பெண்.

அவளுடைய கணக்கு என்ன என்பதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். புரிந்த அளவு அதிகம். அதற்குக் காரணம் பின்னால் வரும்.

பல்லுறுப்புக்கோவை என்று ஒன்று இருக்கிறது. எண்களை வரிசையாகத் தனித்தனிக் கொக்கியில் மாட்டி வைத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் கொக்கியில் வெறும் எண், அடுத்ததில் எக்ஸோடு ஓர் எண், அதற்கடுத்ததில் எக்ஸ் வர்க்கத்தோடு ஓர் எண். அவளிடம் இப்படிக் கோவைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருக்கும். முந்தையதிலிருந்து அடுத்ததைச் செய்ய ஒரு விதி உண்டு. இதைப் பெருக்கு, அதைக் கூட்டு என்று. மூன்றாவது கோவையில் எண்கள் 2, 4, 3. நான்காவதில் 6, 18, 25, 15. எந்தக் கொக்கியிலும் குறை எண் வராது, பின்னம் வராது. எல்லாம் முழுசு முழுசாக நிற்கும்.

அப்படி முழுசாக நின்றால் அந்த எண்கள் எதையோ எண்ணுகின்றன என்று பொருளாம். எதை எண்ணுகின்றன? அதைச் சொல்லிவிட்டால் பட்டம். இவ்வளவுதான் சமாசாரம். இதற்கு ஏழு வருடம்.

ஒருநாள் பட்டறைக்கு இறங்கி வந்து நட்டு வேண்டும் என்றாள். எத்தனை அளவு என்று கேட்டேன். எந்த அளவானாலும் சரி, எண் எழுத இடம் இருந்தால் போதும் என்றாள். கொஞ்சம் கட்டுக்கம்பியும் ஆணியும் கேட்டாள். மேலே போய்ப் பார்த்தபோது சுவரில் ஆணி அடித்து வரிசையாகத் தொங்கவிட்டிருந்தாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று வெள்ளைப் பெயிண்டில் எண் போட்ட நட்டுகள். ஆணியில் ஒரு நட்டு. அதன் கீழே கம்பி கட்டி ஒன்றோ இரண்டோ மூன்றோ. அவற்றுக்குக் கீழே மிச்சம். ஒரு நட்டுக்கு மேலே ஒரே கம்பிதான்; இரண்டு முதலாளி கிடையாது. வளையம் வரக் கூடாது. வலது இடது கணக்கில்லை; எது எதன் கீழே தொங்குகிறது என்பது மட்டும்தான் கணக்கு.

அவள் இதை மரம் என்பாள். வேர் மேலே, கிளை கீழே இருப்பதை நான் மரம் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன். நான் தொங்கல் என்பேன்.

இரண்டு நட்டு இருந்தால் இரண்டு தொங்கல். மூன்று நட்டுக்கு ஒன்பது. நான்குக்கு அறுபத்து நான்கு. இப்போது மேலே சொன்ன எண்களைக் கூட்டிப் பாருங்கள். இரண்டும் நாலும் மூன்றும் ஒன்பது. ஆறு, பதினெட்டு, இருபத்தைந்து, பதினைந்து கூட்டினால் அறுபத்து நான்கு. ஆக அவளுடைய கோவைகள் எண்ணுவது தொங்கல்களைத்தான் என்பதில் அவளுக்குச் சந்தேகமில்லை. ஆனால் ஒன்பது ஏன் 2, 4, 3 என்று பிரிகிறது? ஒவ்வொரு தொங்கலிலும் ஏதோ ஒரு குறி இருக்க வேண்டும். குறி இல்லாதவை இரண்டு, ஒரு குறி உள்ளவை நாலு, இரண்டு குறி உள்ளவை மூன்று. அந்தக் குறி எது?

அவளுக்கு வழிகாட்டியாக இருந்த பேராசிரியர் கண்டிப்பானவர். வெறும் மொத்தம் பொருந்துவது தற்செயலாகவும் இருக்கலாம், மொத்தத்துக்குப் பட்டம் கிடையாது என்று சொல்லி அனுப்பிவிட்டாராம்.

அவள் முதலில் பிடித்த குறி யாரும் பிடிக்கக்கூடியது. ஒன்று மூத்தது, இரண்டு அதற்கு இளையது, மூன்று கடைசி. ஒரு கம்பியில் இளையது மேலேயும் மூத்தது நேர் கீழேயும் இருந்தால் அது தலைகீழ்க் கம்பி. ஒவ்வொரு தொங்கலிலும் தலைகீழ்க் கம்பி எத்தனை என்று பார்த்தாள். ஒன்பதும் மூன்று குவியலாகப் பிரிந்தன: 2, 5, 2. அறுபத்து நான்கும் பிரிந்தன: 6, 26, 26, 6. நல்ல அழகான எண்கள், கண்ணாடிக்கு முன்னால் நிறுத்திய மாதிரி. ஆனால் அவளுடைய எண்கள் இல்லை. முதல் குவியல் மட்டும் ஒத்துப்போகும், மற்றதெல்லாம் கையை விரிக்கும்.

அந்த ஐந்துக்கும் நாலுக்கும் நடுவில் ஒரே ஒரு தொங்கல்தான் வித்தியாசம். அதற்காக அவள் பட்ட பாடு எனக்குத் தெரியும். எத்தனை நுனி, எத்தனை ஆழம், மேலேயிருந்து எண்ணினால் என்ன, கீழேயிருந்து எண்ணினால் என்ன. அரைத்த மாவையே அரைத்துக்கொண்டிருந்தாள். நானும் என் பங்குக்கு எடை போட்டுப் பார்க்கச் சொன்னேன்.

"எல்லாத்துலயும் அதே மூணு நட்டுதானே அண்ணா" என்றாள்.

"கம்பியோட எடை?"

"அதுவும் ரெண்டுதான்."

என் மனைவி அவளோடு பாசமாகத்தான் இருப்பாள், ஆனால் வாய் சும்மா இருக்காது. நாத்தனாரின் சுவரைப் பார்த்துவிட்டு, "பழைய இரும்பு எடுக்கிறவன் வந்தான்னா சுவரோட பேத்துக்கிட்டுப் போயிடுவான். கதவைச் சாத்தி வை" என்றாள். அறுபத்து நான்கு தொங்கலையும் முறுக்கிக் கட்டிக் கொடுத்தவன் நான்தான். குறடு பிடிக்கத் தெரியாதவள் கட்டியது இரண்டு நாளில் அவிழ்ந்து விழுந்தது. நான் கட்டியது இன்றும் அப்படியே இருக்கிறது.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் எனக்கு அடி விழுந்தது. யானைக்கும் சறுக்கும். அடுக்குமாடி கட்டுகிறவர் ஒருவருக்கு முழுக் கட்டடத்துக்கும் ஜன்னல் கம்பியும் மாடிப்படிக் கைப்பிடியும் செய்து மாட்டினேன். மாட்டும் வரை தினமும் போன் செய்தவர், மாட்டிய பிறகு போனை எடுக்கவில்லை. இரும்புக் கடைக்காரர் வாசலில் வந்து உட்கார்ந்தார். சம்பள நாள் வந்தது. என் வாழ்க்கையில் சம்பள நாள் தவறியதில்லை.

தம்பி சொந்தமாகச் சரக்கு வண்டி ஓட்டுகிறவன். நான் கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்தான், மறுநாள் நாற்பதாயிரம் கொண்டுவந்து மேஜையில் வைத்தான். ஏது என்று கேட்டேன். வேறு வண்டி மாற்றச் சேர்த்தது என்றான். இளையவன் கொடுத்து மூத்தவன் வாங்குவது எனக்குக் கசந்தது. ஆனாலும் வாங்கினேன். எட்டுக் குடும்பம். வாங்கியதை அன்றே பங்கிட்டேன்.

அதற்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நால்வரும் எங்கள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். தங்கை, வானிலைச் செய்தி சொல்வதைப் போல, ஆராய்ச்சியை விட்டுவிடப் போவதாகச் சொன்னாள். இரண்டு முறை நீட்டிப்புக் கொடுத்துவிட்டார்களாம், இனி கிடையாது. இந்தப் பருவம் முடிவதற்குள் எழுதிக் கொடுக்காவிட்டால் பதிவு ரத்து. பட்டம் இல்லையென்றால் அடுத்த விடுமுறைக்குப் பிறகு கல்லூரி அவளைத் திரும்பக் கூப்பிடப் போவதில்லை என்று முதல்வர் வாயாலேயே சொல்லிவிட்டாராம். எழுதிக் கொடுக்க விஷயமும் இல்லை, கட்டணம் கட்டப் பணமும் இல்லை. நீட்டிப்புக்குத் தனி, தாமதத்துக்குத் தனி, பரீட்சகர்களுக்குத் தனி என்று கட்டணம் மலையாக ஏறியிருந்தது.

பணம் இல்லை என்றதும் எனக்குச் சுருக்கென்றது. அவள் சிக்கனம் எனக்குத் தெரியும். கட்டணத்துக்கென்றே பல வருடமாகச் சேர்த்து வந்தவள். அந்தப் பணம் எங்கே என்று கேட்டேன். செலவாகிவிட்டது என்றாள். தம்பி தண்ணீர் குடித்தான்.

நான் என் பாட்டுக்குப் பேசினேன். அண்ணன் என்று ஒருத்தன் குத்துக்கல் மாதிரி இருக்கும்போது என்னிடம் கேட்பதற்கென்ன என்றேன். நீங்களே கடனில் நிற்கிறீர்கள் என்று என் மனைவி நினைவுபடுத்தினாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஆமா, தம்பிகிட்ட வாங்கினேன். இல்லேங்கல. எனக்கு இளையவன்கிட்ட வாங்கினது எனக்கு ஒரு குறைதான். ஆனா கூடப் பொறந்த பொண்ணுகிட்ட இந்தக் கை நீண்டதில்ல. நீளவும் நீளாது."

தம்பி தலை குனிந்து சோற்றையே பார்த்துக்கொண்டிருந்தான். என் மனைவிக்கு ஆள் முகம் பார்த்தே கணக்குத் தெரியும்.

"தம்பி, உங்களுக்கு யார் குடுத்தாங்க?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"அக்காதான் அண்ணி" என்றான்.

வண்டி மாற்றச் சேர்த்தது என்பது பொய். அவனிடம் பெட்ரோலுக்கு மேல் பணம் நின்றதே இல்லை. தனக்கு அவசரம் என்று அக்காவிடம் வாங்கி என்னிடம் கொடுத்திருக்கிறான். எனக்கென்று கேட்டிருந்தாலும் அவள் கொடுத்திருப்பாள். ஆனால் நான் வாங்கமாட்டேன் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

சாப்பிட்ட கை காய்ந்துகொண்டிருந்தது. நான் சொன்னேன், அப்படியென்றால் நான் உனக்குக் கடன்காரன் என்று.

"இல்லண்ணா. எனக்குக் கடன்காரன் அவன். நான் அவனுக்குக் குடுத்தேன், அவன் எனக்கு இளையவன், அதுல ஒரு முறைகேடும் இல்ல. அவன் உனக்குக் குடுத்தான், அது உங்களுக்குள்ள. உனக்கும் எனக்கும் நடுவுல நேர்க் கம்பி கிடையாது" என்றாள்.

"அது உன் கணக்கு. அவன்கிட்ட வாங்கினப்போ எனக்கு வெட்கம் ஒண்ணு. இப்ப ரெண்டு."

"ரெண்டா?"

"ரெண்டுதான். காசு யார் கை வழியா வந்தா என்ன? உன் கைக்குக் கீழதானே நான் தொங்கிக்கிட்டிருந்திருக்கேன்."

அவள் என்னைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள் என்று சொல்வதுகூடத் தவறு. என் முகம் இருந்த இடத்தைப் பார்த்தாள். பிறகு எழுந்து, கை கழுவாமல், செருப்பும் போடாமல் வெளியே போய்விட்டாள். என் மனைவி, நான் ஏதோ சொல்லி அவளை அழ வைத்துவிட்டேன் என்று என்னைத் திட்டினாள்.

நாங்கள் பின்னாலேயே பட்டறைக்குப் போனோம். பக்கத்துத் தெருதான். மாடியில் கதவு திறந்து கிடந்தது. அவள் அழவில்லை. சுவரில் இருந்த ஒன்பதில் ஒன்றைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தாள். மேலே இரண்டு, அதன் கீழே மூன்று, அதன் கீழே ஒன்று. நடுவில் பிறந்தவள், கடைக்குட்டி, மூத்தவன். எங்கள் வீடு.

அந்தத் தொங்கலில் இத்தனை நாளும் அவள் ஒரே குறிதான் எண்ணியிருந்தாள். மூன்றுக்குக் கீழே ஒன்று தொங்குவது தலைகீழ், சரி. ஆனால் இரண்டுக்குக் கீழே மூன்று தொங்குவது முறைதானே என்று விட்டுவிட்டாள். அந்தக் கம்பிக்குக் கீழே மூன்று மட்டுமா தொங்குகிறது? ஒன்றும் அல்லவா தொங்குகிறது. இரண்டைவிட மூத்தது. ஆகவே அந்தக் கம்பியும் முறை தவறியது. குறி ஒன்றல்ல, இரண்டு.

அவள் எங்களை உட்கார வைத்து விதியைச் சொன்னாள். ஒரு கம்பியைப் பிடி. மேல் முனையில் இருக்கும் எண்ணைப் பார். அந்தக் கம்பிக்குக் கீழே நேராகவோ கை மாறியோ தொங்குகிற அத்தனையையும் பார். அதில் ஒன்றாவது மேலே இருப்பதற்கு மூத்ததாக இருந்தால், கம்பி முறை தவறியது. பக்கத்து நட்டை மட்டும் பார்த்தால் போதாது. ஒன்பதில் அந்த ஒன்று மட்டும் நடுக் குவியலிலிருந்து கடைசிக் குவியலுக்குப் போனது. 2, 4, 3.

அறுபத்து நான்கையும் கழற்றிப் பட்டறைத் தரையில் பரப்பினோம். அன்று விடுமுறை, மெஷின்கள் ஓடவில்லை. தம்பி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், என் மனைவிகூட முந்தானையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். ஒவ்வொன்றையும் தூக்கிப் பிடித்துக் கம்பி கம்பியாகப் பார்த்துக் குவியலில் போட்டோம். குறி இல்லாதது ஆறு. சரி. அடுத்தது எண்ணினால் பதினேழு. அதற்கடுத்தது இருபத்தாறு. கடைசி பதினைந்து.

தங்கை உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது, பிசகு தொங்கலில் இல்லை, தம்பியிடம்தான் என்று. அவன் குவியலை இழுத்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். கிடைத்தது. மேலே இரண்டு, அதன் கீழே ஒரு கம்பியில் ஒன்று, இன்னொரு கம்பியில் மூன்று, மூன்றின் கீழே நாலு. இதில் இரண்டு குறி என்று போட்டிருக்கிறான்.

"இது எப்படிடா ரெண்டு?"

"ரெண்டுக்குக் கீழ ஒண்ணு இருக்குல்ல அண்ணா. அப்ப ரெண்டு கம்பியும் தப்புதானே?"

"ஒண்ணு தனிக் கம்பியில தொங்குது. மூணு வழியா வரல. மூணு என்ன பாவம் பண்ணுச்சு?"

அவன் தலையைச் சொறிந்தான். அதை எடுத்து மறு குவியலில் போட்டேன். பதினெட்டு. இருபத்தைந்து. தங்கை தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். என் மனைவி அவளுக்குத் தண்ணீர் கொண்டுவரப் போனாள்.

விடையைக் கண்டுபிடித்தது நான்தான் என்று பல இடங்களில் சொல்லியிருக்கிறேன். அவள் எதிரிலும் ஒருமுறை சொன்னேன். மறுக்கவில்லை. "நீ வெட்கப்பட்டே, நான் எண்ணினேன்" என்று மட்டும் சொன்னாள். யோசித்துப் பார்த்தால் அது நியாயமான பங்குதான்.

வேலை அதோடு முடியவில்லை. நாலு நட்டுக்குப் பொருந்தியது ஐந்துக்கும் பொருந்தும் என்பதற்கு என்ன உத்தரவாதம் என்றாள். ஐந்து நட்டுக்கு எத்தனை தொங்கல் என்று கேட்டேன். அறுநூற்று இருபத்தைந்து. அதனாலென்ன, ஆட்களை விட்டு ஒரு வாரத்தில் கட்டித் தருகிறேன் என்றேன்.

"அப்புறம் ஆறு நட்டுக்கு?"

"எத்தனை?"

"ஏழாயிரத்து எழுநூத்து எழுபத்தாறு."

நான் பேச்சை மாற்றினேன். கட்டிப் பார்க்காமலே எல்லா எண்ணுக்கும் பொருந்தும் என்று காட்டுவதுதான் நிரூபணமாம். புதிதாக ஒரு நட்டு வந்தால் பழைய தொங்கல்களில் எங்கெங்கே நுழையும், நுழைந்தால் எத்தனை கம்பி முறை தவறும் என்று பார்த்தாளாம்; கோவைகளைச் செய்கிற விதியே கடைசியில் அங்கே வந்து நின்றதாம். கல்லூரி போய் வந்து, மிச்ச நேரமெல்லாம் எழுதினாள். இப்படிப்பட்ட கோவைகளுக்கு வேறு இடங்களில் வேறு ஆட்கள் ஏற்கெனவே விடை வைத்திருக்கிறார்கள் என்று வழிகாட்டிப் பேராசிரியர் தேடிப் பிடித்து ஒரு குண்டு போட்டார். இவள் போன வழி வேறு என்பதால் ஆராய்ச்சி தப்பியது. எழுதிக் கொண்டுவா என்று சொல்லிவிட்டார்.

பாக்கி இருந்தது பணம். அது என்னிடம் இருந்தது. அதாவது என்னிடம் இல்லை.

அடுக்குமாடிக்காரர் வீட்டுக்கு நடையாய் நடந்தேன். பிரயோஜனமில்லை. ஒரு பள்ளிக்கூடத்துக்கு ஜன்னல் கம்பி அவசர வேலையாக வந்தது. கையில் காசு, ஆனால் சொன்ன தேதிக்கு முடிய வேண்டும். எட்டுப் பேர் போதாது. முதலாளி ஆன பிறகு நான் வெல்டிங் ராடு பிடித்து வருடக் கணக்காகிறது. கண்ணாடி முகமூடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். என் ஆட்கள் சிரித்தார்கள். முதல் ஜன்னல் முடிந்ததும் சிரிப்பு நின்றது. முதலாளி போட்ட வெல்டிங் எது, தொழிலாளி போட்டது எது என்று பள்ளிக்கூடத்து ஜன்னலில் இன்றும் அடையாளம் காட்டுவேன். என்னுடையதில் கையை வைத்துத் தடவினால் மேடு தெரியாது.

வேலை சொன்ன தேதிக்கு முடிந்தது. காசும் வந்தது.

பட்டம் கிடைத்ததும், கல்லூரியில் நிரந்தரமானதும் அதற்கடுத்த வருடம். அதைச் சொல்லக் கல்லூரியில் அவள் அறைக் கதவில் பெயர்ப்பலகை இருக்கிறது, நான் வேண்டியதில்லை. அவளுடைய ஆய்வுப் புத்தகத்தின் நன்றிப் பக்கத்தில் நட்டும் கம்பியும் கொடுத்த பட்டறைக்கு ஒரு வரி இருக்கிறது. பட்டறைக்குத்தான், எனக்கு இல்லை. பட்டறை யாருடையது என்று ஊருக்குத் தெரியும்.

நான் சொல்ல வந்தது கட்டணம் கட்டிய நாளை.

பல்கலைக்கழக அலுவலகத்தில் நீளமான வராந்தா. கட்டணச் சன்னலுக்கு முன்னால் வரிசை. தங்கை வரிசையில் நின்றிருந்தாள், கக்கத்தில் கட்டுக் காகிதம். தம்பி வண்டியை வெளியே நிறுத்திவிட்டு வந்தான். நான் பணத்தை எடுத்தேன். எல்லாம் ஐந்நூறு தாள். தம்பி, அக்கா கையிலேயே நேராகக் கொடுத்துவிடுங்கள், வரிசை நகர்கிறது என்றான்.

முடியாது என்றேன். நான் கடன்பட்டது அவனிடம். எந்தக் கம்பி வழியாக இறங்கியதோ அந்தக் கம்பி வழியாகத்தான் ஏறும். பின்னால் நின்ற ஒருவர் எங்களை ஒரு மாதிரி பார்த்தார்.

"அண்ணன் சொல்றது சரிடா. நடுவுல இருக்கிறவனை எடுத்துட்டா அது வேற மரம்" என்றாள் தங்கை.

தம்பி கையை நீட்டினான். வாய்விட்டு எண்ணி அவன் கையில் வைத்தேன். முடிந்ததும் அவன் அப்படியே தன் அக்கா பக்கம் திரும்பினான். அவள் காகிதக் கட்டை என்னிடம் கொடுத்துவிட்டு வலது கையை விரித்தாள். விரல்களில் எழுதிய மைக் கறை இன்னும் போகவில்லை. அவன் ஒவ்வொன்றாக வைக்க, நான் பக்கத்தில் நின்று மறுபடியும் எண்ணினேன். அவனுடைய எண்ணிக்கையை நான் நம்புவதில்லை. எழுபத்தொன்பது வந்தபோது வரிசையில் அவள் முறை வந்துவிட்டது, சன்னலுக்குள் இருந்தவர் கூப்பிட்டார். அவள் நகரவில்லை. எண்பதாவது தாள் உள்ளங்கையில் விழுந்த பிறகுதான் கையை மூடினாள்.